பொன்னுலிங்கம் நேர்ந்த ஓட்டம்

நான் பி.ஏ. தேறிய வருஷமே கோணங்குளம் மிடில் ஸ்கூலில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. புதுக்கடைக்குத் தெற்கே எங்கள் ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே குறைவு. அங்கிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த மிதப்பில், கறுப்புக் கோட்டும் கான்வாஸ் சப்பாத்தும் குடையுமாக, 1934-ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு நண்பகலில் கோணங்குளம் சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

சந்திப்பு என்றால் நாலு கடை. அதற்கு எதிரே குளம். பேர்தான் குளம், அக்கரையில் மாடு மேய்ந்தால் ஆடா மாடா என்று தெரியாது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரெல்லாம் அதில் வந்து தங்கும். கரையோரமாக ஒரு தென்னை விளை. விளையின் முன்னால் பச்சை இளநீர்க் குலைகள் கிடந்தன. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு இளநீர் வேணும்" என்றேன்.

அவர் எழுந்து நின்றபோதுதான் வலது காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே அது உரல் போலப் பருத்து, தோல் தடித்துக் கறுத்திருந்தது. அந்தக் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்துக்கொண்டே வந்து, நல்ல காயாக ஒன்றைப் பார்த்து எடுத்து, கரையில் கிடந்த தட்டைக் கல்லின் மேல் வைத்தார். வெட்டரிவாளையும் அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு பின்னாலேயே நடந்து தென்னை மூட்டில் போய் நின்றுகொண்டார்.

"வெட்டித் தர மாட்டீங்களா?"

"ஏமான் எடுத்து வெட்டிக் குடிக்கணும். முழுக் காய்க்குத் தீட்டு இல்ல."

எனக்கு விஷயம் புரிந்தது. கூச்சமாகவும் இருந்தது, சொல்லப்போனால், அடிமனசில் ஒரு சந்தோஷமாகவும் இருந்தது. "நான் ஏமான் இல்ல, அண்ணாச்சி. புதுக்கடைப் பக்கம் ஒரு பனையேறிக்க மவன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கரையே அதிரச் சிரித்தார்.

"அட, நம்ம ஆளா! கோட்டுக்குள்ள ஆரு இருக்கியாண்ணு எனக்கு எப்பிடித் தெரியும், மக்கா?" ஒரே வெட்டில் இளநீரின் தலையைச் சீவி என் கையில் தந்தார். "என்ன படிச்சிருக்கிய?"

"பி.ஏ."

"அதுக்கு எத்தன வருஷம்?"

"பதினாலு."

"பதினாலா! அதுக்குள்ள நட்ட தென்ன காய்ச்சு, அதுக்க பிள்ளத் தென்னயும் காய்ச்சிருக்குமே!"

அவர்தான் பொன்னுலிங்கம். அன்று சாயங்காலமே அவருடைய விளையின் ஓரத்திலிருந்த ஓலைப்புரையில் நான் குடியேறினேன். அவருடைய மனைவி தாணம்மாளை மயினி என்று கூப்பிடுவேன். எனக்குச் சோறு அவர்கள் வீட்டில்தான். அவர்களுக்கு ஒரே மகள், பகவதி. அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

கோணங்குளத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் அது ஓட்டத்தை வைத்துத்தான் தெரிந்திருக்கும். மாசி மாதம் சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்தில் சிவாலய ஓட்டம் நடக்கும். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிற பன்னிரண்டு சிவன் கோயில்கள். விரதமிருந்து மாலை போட்டவர்கள் காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியும் அதில் கட்டிய திருநீற்றுப் பையுமாக, முதல் நாள் பொழுது சாயும்போது திருமலையை விட்டுப் புறப்படுவார்கள். ஒவ்வொரு கோயிலிலும் முங்கிக் குளித்து, ஈரத்துணியோடு கும்பிட்டுவிட்டு, "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். சிவனைக் கும்பிடப் போகிறவர்கள் வழியெல்லாம் பெருமாள் பேரைச் சொல்வது புதிதாய்ப் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். மாலை போட்டவனுக்குச் சொந்தப் பேர் இல்லை, எல்லாரும் கோவிந்தன்தான். சிவராத்திரி இரவு விடிவதற்குள் பன்னிரண்டும் முடிய வேண்டும். நடுவில் வண்டி ஏறக் கூடாது.

கோணங்குளம் அந்தப் பாதையில் சரிபாதி. ஆறாவதான பன்னிப்பாகத்தைக் கும்பிட்டுவிட்டுக் கல்குளத்துக்குப் போகிறவர்கள் பொன்னுலிங்கத்தின் விளைக்கு முன்னால்தான் கரையேறுவார்கள். அன்றைக்கு மட்டும் அவர் இளநீர் விற்க மாட்டார். விடிவதற்கு முன்பே கரை நெடுகக் கல்லுக்கு ஒரு காயாக வைத்துவிட்டு, அங்கங்கே அரிவாளும் வைத்துவிட்டு, தென்னைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். கோவிந்தன்மார் தாங்களே வெட்டிக் குடித்துவிட்டு ஓடுவார்கள். குடிக்கும்போது அவர்கள் பேசிக்கொள்வதை அவர் கேட்டுக்கொண்டிருப்பார். திற்பரப்பில் அருவி எப்படி விழுகிறது, திருநந்திக்கரையில் குகை எந்தப் பக்கம், பொன்மனைக்குப் போகும்போது எந்த ஓடையில் கால் வழுக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு கோயிலையும் கண்டதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது மதிலுக்கு வெளியே, அதுவும் இத்தனை தூரம் தள்ளித்தான் நிலை.

நான் போன இரண்டாம் வருஷம், சிவராத்திரி முடிந்த மறுநாள் காலையில், குடித்துப் போட்ட கூடுகளை இருவரும் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தோம். "ஏன் அண்ணாச்சி இந்தப் பாடு? அவங்க உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல்லியே" என்று கேட்டேன்.

"நான் அவுகளுக்காவ வைக்கல்ல, சாரே. ஒரு நேர்ச்சை பாக்கி கிடக்கு" என்றார். பிறகு அந்தக் கதையைச் சொன்னார்.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அதாவது 1924-இல் வந்த வெள்ளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த ஆடியில் குளம் கரைபுரண்டு விளைக்குள் வந்தது. வெள்ளம் வடிந்தபின் காய்ச்சல் வந்தது. பகவதிக்கு ஏழு வயசு. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டையும் மண்ணில் வைத்தாயிற்று. வைத்தியர் நாடியைப் பிடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொன்னுலிங்கம் கரையில் வந்து நின்று, கோவிந்தன்மார் வாயால் கேட்ட பன்னிரண்டு பேரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பிள்ளை பிழைத்தால் பன்னிரண்டையும் ஓடி வந்து கும்பிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார்.

"அப்போ எனக்க காலு இப்பிடி இல்ல. ஒரு பனையில இருந்து இறங்குன சூடு ஆறியதுக்குள்ள அடுத்த பனையில இருப்பேன். எங்கிட்ட வேற என்ன உண்டு? பொன்னு உண்டா, மாடு உண்டா? காலு உண்டு. அதை நேர்ந்தேன்."

"நடையில ஏத்த மாட்டாங்கண்ணு தெரியாதா?"

"தெரியும். அந்த நேரம் அது தோணல்ல, சாரே. பிள்ளைக்க மேலு கொதிக்குது."

பிள்ளை பிழைத்தது. சந்திப்பில் காப்பிக்கடை வைத்திருந்த ஜெபமணிக்கு அன்றிலிருந்து இது ஒரு தமாஷ். ஜெபமணி வேதக்காரர், பொன்னுலிங்கத்தின் வயசுதான். "ஊர்ல உள்ளவன் எல்லாம் தேங்கா நேருவான், கோழி நேருவான். கொடுக்க வேண்டியிருக்கும். இவரு திறக்காத வாசலுக்குல்லா நேர்ந்தாரு! கெட்டிக்காரன்வே நீரு!" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். பொன்னுலிங்கமும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சில வருஷங்கள் கழித்து வலது கால் வீங்கத் தொடங்கியது. ஏறிய பனைகளை விட்டுவிட்டு விளையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அந்தத் தமாஷுக்கு அவர் சிரிப்பதை விட்டுவிட்டார்.

"தாமசம் ஆவுதில்லா. அதான் ஒரு காலைப் பிடிச்சு வச்சிருக்காரு" என்றார் என்னிடம். யாரோ வாசல் வழியே போனவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

நான் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இது கொசுவினால் வருகிற வியாதி என்றும், குளத்தங்கரை ஊர்களில் அதிகம் என்றும், குணமாக்க மருந்து இல்லை என்றும் டாக்டர் எனக்கு இங்கிலீஷில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "மருந்து இல்லங்கத இத்தன நேரமா பேசினிய?" என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

கொல்லம் 1112 ஐப்பசியில், அதாவது 1936-இல், கோயில் நடை எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டதாக மகாராஜாவின் விளம்பரம் வந்தது. கோணங்குளம் சந்திப்பில் அன்று மேளம் கொட்டியது. நான் பத்திரிகையை உரக்க வாசித்தேன். என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். என் ஜன்மத்தில் அப்படியொரு நாளை நான் கண்டதில்லை. பொன்னுலிங்கத்தைத் தேடிக்கொண்டு ஓடி வந்தால், அவர் குளத்துப் படியில் இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாரே, நடை திறந்தாச்சு, இல்லியா?"

"ஆமா அண்ணாச்சி! எல்லா நடையும்!"

"அப்போ இனி சாக்கு இல்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் பகவதிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வைகுண்டராஜன், கொட்டாரம் பக்கத்துக்காரன். பகவதி அப்போது ஐந்து மாசம், தலைப்பிரசவம். பங்குனியில் பிள்ளை பிறக்கும். அதற்கு முன்னால் மாசி, மாசியில் சிவராத்திரி. நடை திறந்திருக்கிறது, பாக்கி நிற்கிறது, உயிரைக் கடனாக வாங்கியவள் வயிற்றில் இன்னொரு உயிரோடு இருக்கிறாள். பொன்னுலிங்கம் இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. தர்க்கம் படித்தவன் நான்.

ஒருநாள் அவரை ஒரு கோயிலில் பூஜை செய்யும் போற்றியிடம் அழைத்துப் போனேன். போற்றி இளவயசு, நல்ல மனிதர். பொன்னுலிங்கம் முதல்முதலாக மதிலைத் தாண்டிக் கல்தளத்தில் கால் வைத்தார். வைத்துவிட்டு, யாராவது விரட்டுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். போற்றி யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நீர் நேர்ந்த காலத்தில் உமக்கு நடை கிடையாது. கிடையாத நடைக்கு நேர்ந்தது நேர்ச்சையாகாது. அது பகவானுக்கு முன்னால் இல்லாத காரியம். நிம்மதியாகப் போம்."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பொன்னுலிங்கம் கைகட்டி நின்றுகொண்டே கேட்டார்:

"அப்போ எனக்க பிள்ளைக்கு உயிரு தந்தது ஆரு, திருமேனி?"

போற்றி ஒரு பூவை எடுத்து அவர் கையில் போட்டார்.

திரும்பி வரும் வழியில் பொன்னுலிங்கம் பேசினார். "நடை அடச்சிருக்குண்ணு அவருக்கு அண்ணைக்குத் தெரியாதா, சாரே? தெரிஞ்சுதானே தந்தாரு. நம்பித் தந்தவருகிட்ட, அது கணக்குல இல்லண்ணு சொல்லலாமா?"

மாசி பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டார். ஓட்டத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டில் நடந்தது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. பகவதி பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைவயிற்றோடு நடையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, எங்கிட்ட கேட்டா நேர்ந்திய?"

"ஏழு வயசுப் பிள்ளகிட்ட என்னத்தக் கேக்க?"

"இப்போ கேளுங்க. வேண்டாம். எனக்கு வேண்டாம்."

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் தாணம்மாள் மயினி. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

"நீ சும்மா இரும்மா! வழியில இவரு விழுந்து செத்தா அது ஆருக்க தலையில வரும்? எனக்க தலையில இல்லியா? ஏழு வயசுல இருந்து நான் ஒரு பாக்கி. இனி எனக்க பிள்ளையும் அதச் சுமக்கணுமா?"

பொன்னுலிங்கம் விசிறிக் காம்பில் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கு ஒரு காலு போனா போவட்டு, மக்கா" என்று மட்டும் சொன்னார்.

வைகுண்டராஜன், சிலையோ பூசாரியோ வேண்டாம் என்கிற அய்யாவழிக்காரன். நெற்றியில் நீள நாமம், கும்பிடும்போது தலைப்பாகை. அவனுக்கு இந்தக் கோயில், நேர்ச்சை ஒன்றிலும் சம்மதம் இல்லை. "மாமா, நேர்ச்சை காணிக்கை ஒண்ணும் வேண்டாம்ணுதான் அய்யா சொல்லியிருக்கு. நடை அடச்சப்பவும் நாங்க போவல்ல, திறந்தப்பவும் போவல்ல. எங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல" என்றான்.

ஜெபமணியும் வந்திருந்தார். பதிமூன்று வருஷம் தமாஷ் பேசிய மனிதருக்கு இப்போது முகத்தில் ரத்தம் இல்லை. "வே பொன்னுலிங்கம், நான் ஜெபம் பண்ணுகேன். உம்ம மருமவன் அவனுக்க அய்யாவ விளிக்கட்டும். நீரு உம்ம சாமிய இங்க இருந்தே கும்பிடும். மூணுல ஒண்ணு பிடிக்காமலா போவும்?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தொடங்குகிற இடம் வரைக்கும் வண்டியில் போகலாம் என்பதால், பொன்னுலிங்கம் மறுநாள் பஸ் ஏறினார். பின்னாலேயே வைகுண்டராஜனும் ஏறி உட்கார்ந்துகொண்டான். "கோயிலுக்குள்ள வரமாட்டேன், மாமா. வழியில வருவேன்" என்றான். என்னையும் கூட வரச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க கரையில இரிங்க, சாரே. கோவிந்தன்மாருக்கு இளநீ முடங்கப் பிடாது. மவளுக்குப் பக்கத்துல ஒரு ஆம்பிள வேணும்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

சிவராத்திரி அன்று விடியற்காலையில் நானும் மயினியும் கல்லுக்கல்லாக இளநீர் வைத்தோம். முன்னால் ஓடுகிறவர்கள் வெயிலேறும்போதே வந்துவிட்டார்கள். "கோவிந்தா, கோபாலா" என்ற சத்தம் குளத்தைச் சுற்றி வந்தது. நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

"கோவிந்தா, வழியில ஆனக்காலோட ஒருத்தரு வாறாரா?"

"திக்குறிச்சி ஆத்துல முங்கிகிட்டிருந்தாரு. பைய வாறாரு. கூட ஒரு தலைப்பாக்காரன். அவன் என்ன, கோயிலுக்கு வந்துட்டு வாசல்ல நிக்கியான்?"

ஒரு இளவட்டக் கோவிந்தன், கல்லிலிருந்த காயை எடுத்து மயினியிடம் நீட்டினான். "அக்கா, வெட்டித் தாங்களேன். கை ஓயுது." மயினி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் வெட்டிக் கொடுத்தாள், அவன் குடித்தான். பக்கத்தில் ஒரு வயசாளி தன் காயைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இதைப் பார்க்க வேண்டியவர் இங்கே இல்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபின் இன்னொருவன் சொன்னான்: "திற்பரப்புல கண்டேன். கால்ல துணி சுத்தியிருந்துது. நிக்கச் சொன்னேன். நிண்ணா பொறவு நடக்க வராதுண்ணாரு."

பகவதி கரைக்கு வரக் கூடாது என்று சொல்லியிருந்தோம். அவள் விளைக்குள் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா நின்ற அதே இடம்.

பொழுது சாயும்போது கூட்டம் குறைந்தது. கடைசியாக ஒரு தனி ஆள் நொண்டிக்கொண்டு வந்தான். "எனக்குப் பின்னால ஆரும் இல்ல, சார்" என்றான். "ஆனக்காலு..." என்று தொடங்கினேன். "அவரா? அவரு நாலாவது கோயில் திருநந்திக்கரையே தாண்டியிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, இளநீர்கூடக் குடிக்காமல் போனான். நான் விளக்கைக் கொளுத்திக் கரையில் மாட்டினேன். ஜெபமணி கடையை அடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் கிழக்கே நன்றாக வெளுத்து, வயலுக்குப் போகிறவர்கள் போகத் தொடங்கிய பிறகு, பன்னிப்பாகம் பாதையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். பொன்னுலிங்கம் வைகுண்டராஜனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வைகுண்டராஜனின் தலை வெறுந்தலையாக இருந்தது. அவனுடைய தலைப்பாகைத் துணி மாமனார் காலில் சுற்றியிருந்தது. அதிலிருந்து ரத்தமும் நீரும் வடிந்து மண் அப்பியிருந்தது.

வழியில் நடந்ததை வைகுண்டராஜன் பின்னால் சொன்னான். "பொன்மனையில உள்ள போனவரு வரவே இல்ல, சாரே. எட்டிப் பாத்தேன். தூணைப் பிடிச்சுகிட்டு நிக்கியாரு. விளிச்சேன், காது கேக்கல்ல. என்ன செய்ய? உள்ள போனேன். அய்யாவுக்குத் தெரியும்."

பொன்னுலிங்கம் கரையேறி, தான் எப்போதும் காய் வைக்கிற தட்டைக் கல்லின் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து, "விடிஞ்சிட்டா, சாரே?" என்று கேட்டார்.

சூரியன் தென்னைக்கு மேலே வந்திருந்தது. நான் பதினாலு வருஷம் படித்தவன். ஜெபமணிதான், "கொஞ்சம் இருட்டு இருக்குவே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

தாணம்மாள் மயினி ஒரு இளநீரைக் கொண்டுவந்து கல்லில் வைத்தாள். அரிவாளைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பின்னாலேயே நடந்து போய்த் தென்னை மூட்டில் கைகூப்பி நின்றாள். பதிமூன்று வருஷம் கோவிந்தன்மாருக்கு அவர் செய்த முறையில், அவள் அவருக்குச் செய்தாள். பொன்னுலிங்கம் அரிவாளை எடுத்தார். தூக்க முடியவில்லை. கல்லின் மேலேயே வைத்துவிட்டார்.

வைகுண்டராஜன் சொன்னான்: "மாமா, ஒருக்கா உள்ள போயாச்சு. இனி எனக்கு என்ன? மிச்சம் ஆறையும் நான் ஓடுகேன். இப்பவே."

"நேர்ந்தது எனக்க காலு, மக்கா" என்றார் பொன்னுலிங்கம். "உனக்க காலு இல்ல."

அதோடு கல்லோரமாகவே சரிந்து உட்கார்ந்தவரை நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு மாசம் காய்ச்சலில் கிடந்தார். அந்த மாசத்திலேயே பகவதிக்குப் பெண் பிறந்தது. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். மருத்துவச்சி வந்து சொன்னபோது எல்லாருக்கும் மூச்சு வந்தது. நான் அவர் கட்டிலருகே போய், "பாத்தீங்களா அண்ணாச்சி? உங்க சாமி பாதியிலேயே திருப்திப்பட்டுட்டாரு" என்றேன்.

அவர், ஓட்டம் எப்படி வந்தது என்று கோவிந்தன்மார் சொல்லிக்கொள்ளும் கதையை எடுத்தார். முதல்முதல் ஓடியவனைப் பாதி மனிதனும் பாதி மிருகமுமான ஒரு சிவபக்தன் துரத்தினான். பெருமாள் பேர் காதில் விழுந்தால் அவனுக்கு ஆகாது. ஓடியவன் அந்த மிருகத்தின் எல்லையைத் தாண்டுகிற நேரத்தில் பிடிபட்டான். ஒரு கால் எல்லைக்கு அப்பால், ஒரு கால் இப்பால். வழக்கு ஓடியவனுடைய அண்ணனிடமே போயிற்று. அண்ணன் பாரபட்சம் பார்க்கவில்லை. பாதி உடம்பு மிருகத்துக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"நான் ஆறு கும்பிட்டேன். ஆறு பாக்கி" என்றார் பொன்னுலிங்கம். "அவளுக்க உடம்புல எந்தப் பாதி இப்போ அவருக்கு, சாரே?"

அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதே கதையில் அந்த மிருகம் ஓடியவனைக் கடைசியில் விட்டுவிட்டது என்று ஞாபகப்படுத்தினேன். "அது அதுக்க தயவு" என்றார். "கேட்டு வாங்குற சமாச்சாரம் இல்ல."

அடுத்த மாசியில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. அதற்கடுத்த மாசியிலும் முடியவில்லை. நான் இப்போது நாகர்கோவிலில் ஹைஸ்கூல் வாத்தியார். விடுமுறைக்கு அந்த வழியாகப் போனால் இறங்கிவிட்டுத்தான் போவேன். போன மாதம் போயிருந்தேன். பகவதியும் பிள்ளையோடு வந்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு இருமல் வந்தது. சட்டென்று முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு விளைக்குள் எழுந்து போனாள். அங்கே தூரமாகப் போய் இருமிவிட்டு வந்தாள். "இங்க வந்தா இப்பிடித்தான், சார்" என்றாள் என்னிடம் தாழ்ந்த குரலில். "அப்பா கேட்டா, அண்ணைக்கு உறங்க மாட்டாரு."

பகவதி கொட்டாரத்தில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். அவள் மகளுக்கு இரண்டரை வயசு. வைகுண்டராஜன் மறுபடியும் தலைப்பாகை கட்டுகிறான். பொன்னுலிங்கம் கோணங்குளத்தில்தான் இருக்கிறார். இடது காலும் வீங்கத் தொடங்கியிருக்கிறது. சிவராத்திரிக்கு அவரைக் கட்டிலோடு கரைக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கல்லில் காய் வைப்பது தாணம்மாள்.